பத்து எச்.பி.க்கு எத்தனை ஸ்கொயர்?

கோவைப் பட்டறைகளுக்கு மும்முனை வயரிங் செய்து தரும் வேலையில் இருக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஸ்கொயர் என்று நான் எழுதுவதெல்லாம் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில். எச்.பி. என்பது மோட்டாரின் குதிரைத்திறன்.

அண்ணா, 10 எச்.பி. கம்ப்ரசர் பேனலிலிருந்து 60 மீட்டர் தள்ளி இருக்கிறது. 2.5 ஸ்கொயர் செம்புக் கேபிள், மோட்டாரை நேரடியாக முழு வோல்டேஜில் கிளப்பும் டி.ஓ.எல். ஸ்டார்ட்டர். காலையில் நன்றாக ஓடுகிறது. மாலையில் உறுமிக்கொண்டே நின்றுவிடுகிறது. மோட்டார் போய்விட்டதா?

மோட்டாரை உடனே கழற்ற வேண்டாம் தம்பி. 10 எச்.பி. மோட்டார் 415 வோல்ட்டில் முழுச் சுமையில் சுமார் 15 ஆம்பியர் எடுக்கும். அதை 2.5 ஸ்கொயர் தாங்கும் என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். பொய்யில்லை. ஆனால் அவர் தூரத்தைக் கேட்டிருக்க மாட்டார்.

சூடான செம்பில் 1 ஸ்கொயர் கம்பிக்கு மீட்டருக்கு 0.021 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 மீட்டருக்கு 2.5 ஸ்கொயரில் அரை ஓம் வருகிறது. ஓடும்போது சுமார் 12 வோல்ட் இழப்பு, அது பரவாயில்லை. டி.ஓ.எல்.லில் கிளம்பும்போது மோட்டார் ஆறு மடங்கு, அதாவது 90 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும்போது பவர் ஃபேக்டர் குறைவு என்பதால் இழப்பும் ஆறு மடங்காகாது; ஆனாலும் அந்தச் சில நொடிகளில் 30 வோல்ட் அளவுக்குக் கேபிளிலேயே போய்விடும். மாலையில் லைனே 380 என்றால் மோட்டாருக்குக் கிடைப்பது 350. முறுக்குவிசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், 415-இல் கிடைப்பதில் பத்தில் ஏழு பங்குதான் மிஞ்சும். டாங்கில் காற்று நிற்கும்போது அது போதாது.

6 ஸ்கொயர் போடுங்கள். கிளம்பும்போது இழப்பு பாதிக்கும் கீழே வந்துவிடும். அதற்கு முன், கம்ப்ரசர் நின்றதும் அன்லோடர் வால்வு பிஸ்டன் பக்கம் தேங்கிய காற்றை வெளியேற்றுகிறதா என்று பாருங்கள். 'புஸ்' சத்தம் வரவில்லையென்றால் 16 ஸ்கொயர் போட்டாலும் சிரமம்தான்.

செம்புக்குப் பதில் 6 ஸ்கொயர் அலுமினியம் போடலாமா? விலை பாதிகூட இல்லை.

அதே அளவில் கூடாது. அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பில் சுமார் 61 சதவீதம். 6 ஸ்கொயர் செம்புக்கு 10 ஸ்கொயர் அலுமினியம் ஈடு. மீட்டரிலிருந்து பேனல் வரை ஆர்மர்டு (கவசமிட்ட) அலுமினியக் கேபிளை நானே போடுகிறேன். மெஷினுக்கு மட்டும் போடுவதில்லை. அதிர்வில் அலுமினிய முனை தளரும். தளர்ந்த முனை சூடாகும். ஒரு பிரஸ் பட்டறையில் கேபிள் புதிது போலவே இருந்தது, டெர்மினல் கரிக்கட்டையாகிவிட்டது. கம்பி முனையில் மாட்டும் லக்கைக் கிரிம்பிங் கருவியால் அழுத்தாமல் குறடால் நசுக்கியிருந்தார்கள்.

20 ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் மிஞ்சினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது. எலக்ட்ரீஷியன் 32 போட்டுவிட்டார். கேபிள் 2.5 ஸ்கொயர். இப்போது பிரச்சினையே இல்லை.

இன்றே பழையபடி மாற்றுங்கள். எம்.சி.பி. காப்பது கேபிளை, மோட்டாரைக் காப்பது ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலே. இப்போது உங்கள் கேபிளுக்குக் காவல் இல்லை. கிளம்பும்போது மட்டும் விழுகிறது என்றால், அதே 20 ஆம்பியரில் சி வகைக்குப் பதில், கிளம்பும்போது வரும் கூடுதல் ஆம்பியரைப் பொறுத்துக்கொள்ளும் டி வகை வாங்குங்கள். ஓடும்போது விழுந்தால் கிளாம்ப் மீட்டர் வைத்து மூன்று பேஸையும் அளந்து பாருங்கள்.

ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரிலிருந்து (மோட்டாரைக் குறைந்த வோல்டேஜில் கிளப்பி, பிறகு முழு வோல்டேஜுக்கு மாற்றுவது) மோட்டாருக்குப் போகும் ஆறு கம்பிகளும் முழு அளவில் வேண்டுமா?

வேண்டாம். ஒவ்வொன்றிலும் லைன் மின்னோட்டத்தில் 58 சதவீதம்தான் ஓடும். 20 எச்.பி.க்கு லைனில் 28 ஆம்பியர் என்றால் கம்பிக்கு 16. ஸ்டார்ட்டருக்கு வரும் கேபிள் மட்டும் முழு 28-க்குப் பார்க்க வேண்டும்.

ஆறு மெஷின்களின் கேபிளையும் ஒரே குழாயில் இழுத்துவிட்டோம்...

ஐயா, ஆறு சர்க்யூட் ஒன்றாகக் கிடந்தால் ஒவ்வொன்றின் தாங்குதிறனும் 0.57 மடங்காகிவிடும். தனியே 28 ஆம்பியர் தாங்கும் கேபிள் அங்கே 16 தான் தாங்கும். மேலே தகரக் கூரை வேறு. பி.வி.சி. கேபிளின் எல்லை 70 டிகிரி. சித்திரை மதியத்தில் கூரையடி அதில் பாதிக்கு மேல் தானே தந்துவிடும். டிரேயில் இடைவெளி விட்டுப் போடுங்கள்.

எர்த் ஒரு கம்பி போதும்தானே?

போதாது. மும்முனை மோட்டாரின் உடலுக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் இணைப்புகள் வேண்டும் என்பது விதி. 16 ஸ்கொயர் வரை பேஸ் கம்பி எந்த அளவோ அதே அளவு எர்த்.

லேத்தை நகர்த்தினோம். கேபிள் மூன்று மீட்டர் குறைகிறது. முறுக்கி டேப் சுற்றினால் போதுமா?

எண்ணெயும் இரும்புத் துருவலும் விழும் தரையில் அந்த முடிச்சா? புதுக் கேபிள் இழுங்கள். பணம் இல்லையென்றால் சுவரில் ஒரு பெட்டி வைத்து, அளவுக்கேற்ற கனெக்டரில் சேருங்கள்.