பச்சைக் குருவி பாடுகிறதே, அது எந்த இனம்?

கேள்வி: டெக்சாஸில் ஆஸ்டின் பக்கம் இருக்கிறோம். மே மாதம் நீலத் தலையும் சிவந்த வயிறுமாக ஒரு குருவி எங்கள் ஃபீடருக்கு (பறவைகளுக்குத் தீனி வைக்கும் கலம்) வந்தது. கூடவே முழுப் பச்சையாக இரண்டு. அதில் ஒன்று வேலியில் உட்கார்ந்து பாடுகிறது. வேறு இனமா? பன்டிங் என்கிறார்கள், கார்டினல் குடும்பம் என்றும் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: மூன்றுமே பெயின்டட் பன்டிங்தான். பாடுகிற பச்சைக் குருவி பெரும்பாலும் போன கோடையில் பொரித்த ஆண். முதல் இனப்பெருக்கப் பருவம் முழுக்க அது பெட்டையைப் போலப் பச்சையாகவே இருக்கும். இரண்டாம் இலையுதிர் காலத்து இறகுதிர்ப்பில்தான் வண்ணம் ஏறும். பாடாவிட்டால் அதைப் பெட்டையிலிருந்து பிரித்துச் சொல்வது கடினம்.

வளர்ந்த ஆணுக்குத் தலை நீலம், முதுகு மஞ்சள் கலந்த பச்சை, தொண்டை முதல் வயிறு வரை சிவப்பு, பின்முதுகும் சிவப்பு. கண்ணைச் சுற்றி மெல்லிய சிவப்பு வளையம். பெட்டைக்கு அது வெளிறியிருக்கும். நீளம் சுமார் 13 செ.மீ., எடை 20 கிராமுக்குள். சிவப்பு, உணவில் கிடைக்கும் கரோட்டினாய்டு என்ற நிறமியால் வருவது. நீலத்துக்கு நிறமி கிடையாது. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வரும் நிறம் அது. அதனால்தான் நிழலில் தலை கறுப்பாகத் தெரிந்து ஏமாற்றும். வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று பாருங்கள்.

வகைப்பாட்டில் குழப்பம் பெயரால் வந்தது. 1758-இல் உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிட்ட லின்னேயஸ் இதை ஐரோப்பியப் பன்டிங்குகளின் எம்பெரைசா பேரினத்தில் வைத்தார். இன்று இதன் அறிவியல் பெயர் பாசெரினா சிரிஸ்; குடும்பம் கார்டினாலிடே. இண்டிகோ பன்டிங்கும் ப்ளூ குரோஸ்பீக்கும் இதே பேரினம். பழைய உலகப் பன்டிங்குகள் தனிக் குடும்பம். ஆக, பெயர் பன்டிங், உறவு கார்டினல்.

தீனிக்கு நம் பனிவரகு போதும். அங்கே வெள்ளை புரோசோ மில்லட் என்று விற்பது அதுதான். உமியோடு இருக்க வேண்டும். சமையலுக்குத் தீட்டியது ஈரத்தில் சீக்கிரம் கெடும். கம்பிக் கூண்டு போட்ட குழாய் ஃபீடராக இருந்தால் பெரிய பறவைகள் நுழையாது. கூச்ச சுபாவமுள்ள பறவை என்பதால் புதருக்கு அருகே தொங்கவிடுங்கள். நனைந்த தானியத்தைக் கொட்டிவிடுங்கள், பூஞ்சை பிடிக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பங்கு பிளீச், ஒன்பது பங்கு தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்து, அலசி, நன்றாகக் காயவைத்த பிறகே தானியம் நிரப்புங்கள்.

ஜூலைக் கடைசியிலிருந்து வண்ண ஆண்கள் கிளம்பிவிடும். பச்சைகள் இன்னும் சில வாரம் இருக்கும். வண்ண ஆண்கள் செத்துப்போயின என்று பதறாதீர்கள். மழை பெய்து செழித்திருக்கும் வடமேற்கு மெக்சிகோவுக்குப் போய், அங்கே இறகுதிர்க்கின்றன.