அறுந்த ஓடரை மறுபடி கட்டலாமா? வாசகர் கேள்விகள்

குருநகர் வாசகர்: சிங்கப்பூருக்கு நண்டு அனுப்பினோம். மூன்று வருடத்துக்கு முன் சரக்குப் பழுது என்று இரண்டு தடவை காசை வெட்டினார்கள். கோபத்தில் விட்டுவிட்டோம். திரும்பப் போகலாமா?

போகலாம். ஆனால் விலையைக் குறைத்துக்கொண்டு போகாதீர்கள். சரக்கில் இன்னும் ஏதோ இருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். பழுது எங்கே வந்தது என்று முதலில் நீங்களே தேடுங்கள். படகிலா, ஐஸ் பெட்டியிலா, கட்டுநாயக்கா விமான நிலையம் போகிற வழியில் லொறியிலா? பெட்டிக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு வெப்பநிலைப் பதிவுக் கருவியைப் போட்டுவிட்டால், எத்தனை மணிக்கு எத்தனை பாகை ஏறியது என்று அது காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பதிவை அச்சடித்து முதல் கடிதத்தோடு அனுப்புங்கள்.

சட்டவிரோத மீன்பிடியை அடக்கவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் இலங்கை மீனை நிறுத்தியது நினைவிருக்கும். மன்றாடியதால் கதவு திறக்கவில்லை. ஆழ்கடல் படகுகளுக்குச் செய்மதிக் கண்காணிப்பு, பிடிப்புப் பதிவேடு, கடுமையான அபராதம் என்று செய்து காட்டியபிறகு, 2016 ஜூனில்தான் தடை நீங்கியது.

முதல் தடவை சின்ன ஓடராகவே கேளுங்கள். வெட்டிய காசைப் பற்றி இப்போதைக்கு மூச்சுவிட வேண்டாம். மூன்றாவது பில்லுக்குப் பிறகு பேசலாம்.

சுன்னாகம் வாசகர்: 2022இல் டொலர் கிடைக்காமல் தூத்துக்குடி வியாபாரிக்குப் பாதிப் பணம் நின்றுவிட்டது. இப்போது பேச வெட்கமாக இருக்கிறது.

அந்த வருடம் ஏப்ரல் 12இல் நாடே வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்தது. அது அவருக்கும் தெரியும். நீங்கள் போனை எடுக்காமல் விட்டீர்களே, அதுதான் அவருக்குச் சுட்டிருக்கும். மிச்சத் தொகையையும் தவணைத் தேதிகளையும் நீங்களே எழுதுங்கள். பழைய இன்வாய்ஸ், சுங்கப் பத்திரங்களோடு வங்கிக்குப் போய் முதல் தவணையை அனுப்பிவிட்டு, அப்புறம் அழையுங்கள். புதிய சரக்குக்கு முழு முற்பணம் கேட்பார். முகம் சுளிக்காமல் கொடுங்கள். எல்சி (வங்கி பொறுப்பேற்கிற கடன் கடிதம்) பேச்சை இரண்டு மூன்று சுற்றுப் போனபிறகு எடுக்கலாம்.

கோப்பாய் வாசகி: கனடாக் கடைக்காரர் ஒரு குட்டானில் (சின்ன ஓலைப் பெட்டி) எறும்பு என்று சொல்லி, பனங்கட்டி ஓடரையே நிறுத்திவிட்டார். ஒரு எறும்புக்கு இவ்வளவா?

எனக்கும் சந்தேகம்தான், அக்கா. 2017 டிசெம்பரில் தேயிலைச் சரக்கில் ஒரு வண்டு இருந்ததென்று ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. கூரைத் தகடு செய்ய ரஷ்யாவிலிருந்து வரும் அஸ்பெஸ்டஸுக்கு இலங்கை தடை போடப்போவதாகச் சொல்லியிருந்த நேரம் அது. அஸ்பெஸ்டஸ் தடையைத் தள்ளிவைத்தார்கள். ஆண்டு முடியுமுன் தேயிலைக்கு வழி திறந்தது. வண்டா, கூரைத் தகடா என்று அப்போது கடைக்காரர்கள்கூடக் கேட்டார்கள்.

உங்கள் கூரைத் தகடு எது என்று பாருங்கள். அவருடைய தெருவிலேயே இன்னொரு கடைக்கு விலை குறைத்துக் கொடுத்தீர்களா? என் ஊகம் அதுதான். எறும்புக்கும் சேர்த்து, குட்டானை இறுக்கமான பொலித்தீன் உறையில் போடுங்கள்.

வல்வெட்டித்துறை வாசகர்: நாகப்பட்டினத்தில் பழைய கூட்டாளியோடு கணக்குச் சண்டை. காங்கேசன்துறைக் கப்பலில் சரக்கு அனுப்பிச் சமாதானம் செய்யலாமா?

2023 ஒக்டோபரில் தொடங்கியது பயணிகள் கப்பல், தம்பி. கொள்கலன் ஏற்றுகிற கப்பல் இல்லை. சரக்கு கொழும்பால் போகட்டும். கணக்குக் கொப்பியோடு அந்தக் கப்பலில் நீங்கள் ஏறுங்கள். கடல் குழம்பினால் ஓடாது, விசாரித்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.