பால்கனியில் மட்பாண்ட ஸ்டுடியோ: வைப்பு நிதியை உடைத்துச் சூளை வாங்கலாமா?

கேள்வி: வேளச்சேரியில் 2 படுக்கையறை வாடகை வீட்டில், இரண்டாவது மாடியில் இருக்கிறோம். வயது 34. ஐடி வேலையில் கைக்கு வருவது 62,000 ரூபாய். கணவர் செல்போன் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார், வருமானம் மாதத்துக்கு மாதம் மாறும். 6 வயதில் ஒரு மகள். வாடகை, கார் தவணை எல்லாம் சேர்த்து மாதச் செலவு 55,000. ஒன்றரை வருடமாக வார இறுதியில் மட்பாண்ட வகுப்புக்குப் போகிறேன், அதை விட்டால் எனக்கு வேறெதிலும் மனசு ஒட்டவில்லை. பால்கனியில் சின்ன ஸ்டுடியோ போட ஆசை. சக்கரம் 38,000, மின்சூளை 1,65,000, அதற்குத் தனி ஒயரிங் 25,000, ரேக், மேசை, மண், கருவிகள் 32,000, ஆக 2,60,000 என்று கணக்கு வந்திருக்கிறது. வங்கி வைப்பில் 4.5 லட்சம் இருக்கிறது. அதை உடைக்கலாமா, நகையை அடகு வைக்கலாமா? ஆறு மாதத்தில் வேலையை விட்டுவிடலாம் என்றும் ஒரு எண்ணம்.
- வாசகி, சென்னை

பதில்: சக்கரம் வாங்குங்கள். சூளை வேண்டாம், இப்போதைக்கு. நகையைத் தொடாதீர்கள். வேலையை விடும் பேச்சை ஒரு வருடம் தள்ளி வையுங்கள்.

உங்கள் வீட்டில் நிலையான வருமானம் என்று ஒன்று உண்டென்றால் அது உங்கள் சம்பளம்தான். ஆறு மாதச் செலவுக்கு 3,30,000 ரூபாய் அசையாமல் இருக்க வேண்டும். 2.6 லட்சத்தை எடுத்துவிட்டால் மிச்சம் 1.9 லட்சம், அது மூன்றரை மாதத்துக்குக்கூடத் தாங்காது. கடையில் வியாபாரம் படுத்து, நீங்களும் வேலையை விட்டிருந்தால் அந்த மூன்றரை மாதம் எவ்வளவு சீக்கிரம் ஓடிவிடும் என்று உங்களுக்கே தெரியும். ஆக, இந்த வைப்பில் உண்மையில் தொடக்கூடிய பணம் 1,20,000. அதிலும் பாதிக்கு மேல் தொட வேண்டாம் என்பேன்.

இனி சூளைக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் பட்டியலில் பெரிய தொகை அதுதான், வீட்டை மாற்றினால் கூடவே நகராத செலவும் (அந்த ஒயரிங்) அதோடுதான் வருகிறது. வெளி ஸ்டுடியோவில் வாடகைக்குச் சுட்டுக் கொடுத்தால் ஒரு கோப்பைக்கு பிஸ்க் (பூச்சுக்கு முந்தைய முதல் சூடு), கிளேஸ் (கண்ணாடி போன்ற பூச்சு பூசியபின் சுடுவது) இரண்டு சூடும் சேர்த்து 70 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள் (உங்கள் பகுதி விலையை இங்கே போட்டுப் பாருங்கள்). சொந்தச் சூளையில் மின்சாரம், கம்பிச்சுருள் தேய்மானம் எல்லாம் சேர்த்து 30 ரூபாய் ஆகலாம். மிச்சம் 40 ரூபாய். சூளையும் ஒயரிங்கும் சேர்ந்த 1,90,000 ரூபாயை அந்த நாற்பதால் வகுத்தால் 4,750 கோப்பைகள். மாதம் 40 கோப்பை செய்தால் கிட்டத்தட்ட பத்து வருடம். மாதம் 150 செய்தால் இரண்டே முக்கால் வருடத்துக்குள் முடிந்துவிடும். அப்போது சூளை வாங்குவது சரியான முடிவு, நானே வாங்கச் சொல்வேன்.

மின்சாரத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நம் ஊர் வீட்டு மின்கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழ்ப்படியில் மலிவாக இருந்த யூனிட்டுகளும் சேர்ந்து விலை ஏறும். ஏசி ஓடும் வீட்டில் மாதம் ஒருமுறை சூளை போட்டாலே அந்தக் கோட்டைத் தாண்டிவிடலாம். வீட்டு இணைப்பில் விற்பனைக்காகச் சுடலாமா, உங்கள் மீட்டரின் லோடு போதுமா என்பதையும் உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வீட்டு உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். சூளை ஆயிரம் டிகிரிக்கு மேல் போகும், சுடும்போது மண்ணிலிருந்து புகையும் வாயுவும் வரும், சென்னை பால்கனிகளில் புறா வராமலிருக்க நைலான் வலை கட்டியிருப்போம். இதையெல்லாம் நினைத்துப் பாருங்கள், பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறாள்.

கோவையில் என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர் இதே ஆசையில் முதலிலேயே சூளை வாங்கினார். பதினோரு மாதத்தில் வீடு மாற்ற வேண்டி வந்தது, புது வீட்டில் மும்முனை இணைப்பு இல்லை. நான் போய்ப் பார்த்தபோது சூளை மாடிப்படிக்குக் கீழே தார்ப்பாய் போட்டு நின்றது, உள்ளே அடுக்குத் தட்டுகள் பிரிக்காத அட்டைப்பெட்டியில் அப்படியே இருந்தன. அவர் கை நல்ல கை. பணம் சூளையில் மாட்டிக்கொண்டதால் மண் வாங்கவே யோசிக்கும் நிலைக்கு வந்துவிட்டார், அதுதான் எனக்கு இன்றும் வருத்தம்.

அப்புறம் ஒரு கோப்பையின் விலை. இதைத்தான் பலர் தப்பாகப் போடுகிறார்கள். பத்து கோப்பை செய்கிறீர்கள்: மண்ணும் கிளேஸும் 300, சுடுகூலி 700, ஆக 1,000. ஒன்று சூட்டில் கைப்பிடி ஓரம் விரிசல் விடும், ஒன்று ஆட்டோவில் சூளையிலிருந்து வரும் வழியில் உடையும், ஒன்றில் கிளேஸ் வழிந்து தட்டோடு ஒட்டிக்கொள்ளும். கையில் ஏழு. சுடாத மண்ணைத் தண்ணீரில் ஊறப்போட்டு மறுபடி பிசையலாம், ஒருமுறை சுட்டது திரும்ப மண் ஆகாது. ஏழையும் 450 ரூபாய்க்கு விற்றால் 3,150. கடையில் வைத்தால் 30 சதவீதம் கமிஷன், 945 போகும். பேக்கிங்குக்குக் கோப்பைக்கு 40 வீதம் 280. எல்லாம் கழித்தால் நிற்பது 925 ரூபாய். வனைவது, அடி செதுக்குவது, கைப்பிடி ஒட்டுவது, கிளேஸ், படம் எடுத்துப் பொதிவது எல்லாம் பத்து மணி நேரம் பிடிக்கும், அதாவது மணிக்கு 92 ரூபாய். உங்கள் சம்பளம் மணிக்கு 350-ஐ ஒட்டி வருகிறது.

மனம் தளர இதைச் சொல்லவில்லை. அதே பத்தில் எட்டு பிழைத்து, 600 ரூபாய்க்கு நீங்களே நேரடியாக விற்றால் மணிக்கு 348 வரும். கிட்டத்தட்ட உங்கள் சம்பளம்! ஆக, இந்த ஒரு வருடத்தில் நீங்கள் கூட்ட வேண்டியது பிழைக்கும் எண்ணிக்கையையும் நேரடி வாடிக்கையாளர்களையும்தான். அவை இரண்டுக்கும் சொந்தச் சூளை தேவையில்லை.

எனவே 60,000 ரூபாய்க்குள் தொடங்குங்கள். சக்கரத்தை முதலில் செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். புதுச்சேரியில் 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கியதிலிருந்து அந்தப் பக்கமும் ஆரோவில்லிலும் நிறைய ஸ்டுடியோக்கள் வளர்ந்திருக்கின்றன, ஒரு சனிக்கிழமை போய் விசாரித்துவிட்டு வாருங்கள், கருவி கிடைக்காவிட்டாலும் மனிதர்கள் கிடைப்பார்கள். மூடி போட்ட இரண்டு மூன்று பக்கெட் கட்டாயம் வாங்குங்கள். மண் கரைந்த தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் படிந்து அடைத்துவிடும், வாடகை வீட்டில் அந்தச் செலவு உங்கள் தலையில்தான். பக்கெட்டில் தெளியவிட்டு மேல்தண்ணீரை மட்டும் கொட்டுங்கள். உலர்ந்த மண்ணைத் துடைப்பத்தால் கூட்டவே கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். மண்தூசியில் இருக்கும் சிலிகா நுரையீரலில் தங்கினால் வெளியே வராது. இது ஆரோக்கிய விஷயம் என்று ஒதுக்க முடியாது, எதிர்கால மருத்துவச் செலவும் இதில்தான் இருக்கிறது.

பருவத்தையும் கணக்கில் எடுங்கள். நவராத்திரி, தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று ஆர்டர் வரும் மாதங்களில்தான் நமக்கு மழை, பானை காயவே காயாது. ஆடி, ஆவணியிலேயே செய்து பிஸ்க் சுட்டு அடுக்கி வைத்துக்கொண்டால் மழையில் கிளேஸ் வேலை மட்டும் மிஞ்சும். அதற்கான மண் காசை வைகாசியிலேயே ஒதுக்குங்கள்.

உத்யம் பதிவு (சிறுதொழிலுக்கான அரசுப் பதிவு) இலவசம், ஏஜெண்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். பொருள் விற்பனை வருடத்துக்கு 40 லட்சம் தாண்டும்வரை தமிழ்நாட்டுக்குள் விற்பவருக்கு ஜிஎஸ்டி பதிவு பொதுவாகத் தேவைப்படாது. பிறகு சூளைக்குக் கடன் வேண்டுமென்றால் சிறுதொழிலுக்கு அடமானம் கேட்காத, மத்திய அரசுத் திட்டமான முத்ரா கடன் இருக்கிறது: சிசு பிரிவில் 50,000 வரை, கிஷோரில் 5 லட்சம் வரை. அந்த வழி இருக்கும்போது நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

இன்றே ஒரு நோட்டு போடுங்கள். செய்தது எத்தனை, பிழைத்தது எத்தனை, யார் வாங்கினார், என்ன விலை, எத்தனை மணி நேரம், இவ்வளவு போதும். தொடர்ந்து ஆறு மாதம் மாதத்துக்கு நூறு உருப்படிக்கு மேல் விற்றால் அந்த நோட்டோடு எனக்கு மறுபடி எழுதுங்கள், சூளையின் கொட்டேஷனை அப்போது சேர்ந்து பார்க்கலாம்.