கால் பெருவிரல் அறுவை: ஆறு வாரத்தில் வருமானமும் திரும்பிவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 46. சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். வலது கால் பெருவிரல் மூட்டு தேய்ந்துபோய், விரல் மடங்குவதே இல்லை. மூட்டைத் தகடும் ஸ்க்ரூவும் வைத்து இணைத்துவிடலாம் என்கிறார் மருத்துவர். மெடிக்கல் இன்ஷூரன்ஸ் இருக்கிறது. ஆறு வாரத்தில் எழுந்து நடக்கலாம் என்று கேள்விப்பட்டேன். இன்னும் மூன்று மாதத்தில் வேலை குவியும் சீசன் வருகிறது, இரண்டு மாதம் நீடிக்கும். அதற்குள் இப்போதே அறுவையை முடித்துவிடலாமா? ஒரு மாதச் செலவுக்குக் கையிருப்பு உண்டு. ஐந்து மாதச் செலவுக்கான ஃபிக்ஸட் டெபாசிட் ஏழு மாதம் கழித்து முதிர்கிறது. அதை உடைக்கலாமா, பெர்சனல் லோன் வாங்கலாமா?

பதில்: உங்கள் மருத்துவர் சம்மதித்தால், சீசன் முடிந்ததும் செய்துகொள்ளுங்கள். அப்படிச் செய்தால் டெபாசிட்டை உடைக்கவும் வேண்டாம், லோனும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த ஆறு வாரம். பெருவிரல் மூட்டை இணைக்கும் அறுவையில், இரண்டு எலும்பும் ஒட்டி ஒரே எலும்பாக வளர வேண்டும். அதற்குப் பொதுவாக 6 முதல் 12 வாரம் ஆகும். ஆறாவது வாரத்தை ஒட்டி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு ஒட்டத் தொடங்கியிருந்தால் அறுவைக்குப் பிறகு போட்டிருக்கும் கெட்டி அடிச் சிறப்புச் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். நீங்கள் கேள்விப்பட்டது இதைத்தான். செருப்பு கழன்ற அன்றே பத்து மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட முடியாது. நின்று செய்யும் தொழிலில் இருப்பவர்கள் முழு வேலைக்குத் திரும்ப மூன்று மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகிறது. வீக்கம் ஆறு மாதம் வரை மாலையானால் தலைகாட்டும். சிலருக்கு ஒரு வருடம்கூட இருக்கும்.

உங்கள் தொழிலை வைத்தே பார்ப்போம். முதல் இரண்டு வாரம் பெரும்பாலான நேரம் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்திருக்க வேண்டும். தொங்கவிட்டால் வீங்கும், தையல் பிரிக்கும் நாளும் தள்ளிப்போகும். ஆக, மெஷின் முன்னால் உட்காரக்கூட முடியாது. அதன் பிறகு உட்காரலாம், ஆனால் மோட்டார் பெடலை மிதிப்பது அந்த வலது கால்தானே! பெடலை இடப்பக்கம் நகர்த்தி இடது காலால் இப்போதிருந்தே பழகிக்கொள்ளுங்கள். இதற்குக் காசு செலவில்லை, ஆனால் சில வாரத்து வருமானத்தைக் காப்பாற்றும். கட்டிங் டேபிள் முன் நிற்பதுதான் கடைசியாகத் திரும்பும் வேலை. எம்மிங், பட்டன், கைவேலை எல்லாம் காலை நீட்டி வைத்துக்கொண்டே செய்யலாம். கட்டிங்கிற்கு மட்டும் பீஸ் கணக்கில் ஒருவரைப் பேசி வைத்தால் வாடிக்கையாளர்கள் கைவிட்டுப் போகமாட்டார்கள்.

சரி, இப்போது கணக்கு. உங்கள் மாத வருமானத்தை 100 என்று வைப்போம். வீடும் கடை வாடகையும் சேர்ந்த செலவு 85 என்று கொள்ளலாம். உங்கள் சொந்த எண்களைப் போட்டு இதே மாதிரி எழுதிப் பாருங்கள். அறுவைக்குப் பிறகு முதல் இரண்டு மாதம் வருமானம் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்: துண்டு விழுவது 170. மூன்றாம் மாதம் பாதி வருமானம் வந்தால் 35. நான்காம் மாதம் முக்கால் வந்தால் 10. இன்ஷூரன்ஸ் தராத மருத்துவச் செலவுகளுக்கு 25. மொத்தம் 240.

இப்போதே செய்தால் கையிருப்பான 85 போக 155-க்கு டெபாசிட்டில் கைவைக்க வேண்டும். அதைவிடப் பெரிய நஷ்டம் இன்னொன்று. நான்காவது, ஐந்தாவது மாதத்தில் சீசன் வரும்போது நீங்கள் முழு வேலை செய்யும் நிலையில் இருக்க மாட்டீர்கள். பணம் வரும் நேரத்தில் யாருக்கும் கை சும்மா இருக்காது. எலும்பு இன்னும் முழுசாக ஒட்டாத விரலோடு இரவு வரை நிற்பீர்கள். எலும்பு ஒட்டாமல் போனால் மறுபடி அறுவை, மறுபடி மூன்று மாதம். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சீசனுக்குப் பிறகு என்றால்? அதற்கு முன் மூன்று சாதாரண மாதங்களில் மாதம் 15 வீதம் 45 மிஞ்சும். சீசனில் வருமானம் ஒன்றரை மடங்கு ஆகும் என்று வைத்தால் இரண்டு மாதத்தில் 130 மிஞ்சும். கையிருப்பு 85. மொத்தம் 260, தேவையோ 240. டெபாசிட் அப்படியே இருக்கும், அறுவைக்கு இரண்டு மாதம் கழித்து முதிரும். எலும்பு சரியாக ஒட்டியதா என்பது தெளிவாகத் தெரியவரும் காலமும் அதுதான். ஏதாவது சிக்கல் என்றால் பணம் கையில் இருக்கும்.

லோன் வேண்டவே வேண்டாம். வாங்கிய அடுத்த மாதமே தவணை தொடங்கிவிடும், அப்போது உங்கள் வருமானம் பூஜ்யம். வாங்கிய கடனிலிருந்தே தவணை கட்டுவீர்கள். அவசரம் வந்தால் டெபாசிட்டின் பேரில் வங்கியில் கடன் கிடைக்குமா என்று கேளுங்கள். பெர்சனல் லோனைவிட அதன் வட்டி பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். மெஷினுக்கோ வேறெதற்கோ தவணை ஓடிக்கொண்டிருந்தால், அறுவைக்கு முன்பே கடன் கொடுத்தவரிடம் பேசுங்கள். தவணை தவறிய பிறகு பேசப் போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். மாதாந்திர முதலீடு ஏதாவது இருந்தால் நிறுத்தி வைக்கலாம். இன்ஷூரன்ஸ் பிரீமியத்தை மட்டும் ஒரு நாள்கூடத் தவறவிடாதீர்கள். புதுப்பிக்கும் தேதி ஓய்வுக் காலத்தில் விழுகிறதா என்று இன்றே பாருங்கள்.

இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் முன் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். இரவு தங்காமல் அன்றே வீடு திரும்பினாலும் பணம் தருவார்களா, தகடு ஸ்க்ரூவுக்கு வரம்பு உண்டா, வீட்டுக்கு வந்த பிறகு கட்டு மாற்றுவது, எக்ஸ்ரே, பிசியோதெரபி இவற்றுக்கு எத்தனை நாள் வரை தருவார்கள், பின்னாளில் தகடு உறுத்தி அதை எடுக்க வேண்டி வந்தால் அந்தச் செலவும் சேருமா என்று கேளுங்கள். கால் அறுவைகளை அழகுக்காகச் செய்வது என்று தட்டிக்கழிப்பதும் நடக்கிறது. அதனால் வலி, மடங்காத மூட்டு, வேலை செய்ய முடியாத நிலை, இதுவரை செய்து பலிக்காத சிகிச்சைகள் எல்லாம் மருத்துவரின் குறிப்பில் இருக்கட்டும். வருமான இழப்புக்கான பாலிசியை இப்போது புதிதாக எடுத்தால் ஏற்கெனவே இருக்கும் இந்தப் பிரச்சினைக்குப் பெரும்பாலும் பணம் வராது. மறைத்து எடுத்தால் பாலிசியே செல்லாமல் போகலாம்.

சின்னச் சின்னச் செலவுகளும் உண்டு. ஊன்றுகோல், குளிக்க உட்காரும் நாற்காலி எல்லாம் சில வாரத்துக்குத்தான், இரவல் வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். வலது கால் என்பதால் பிரேக்கை அழுத்தி மிதிக்க முடியும் என்று மருத்துவர் சொல்லும் வரை வண்டி ஓட்ட முடியாது, போக்குவரத்துக்குத் தனியாக ஒதுக்குங்கள். வீக்கம் இறங்கும் வரை புது ஷூ வாங்க வேண்டாம், அளவு மாறிவிடும். உங்களைப் பார்த்துக்கொள்பவர் முதல் இரண்டு வாரம் வேலைக்கு லீவு போட்டால் அந்தச் சம்பளமும் கணக்கில் சேர வேண்டும். வீட்டில் நீங்கள் உட்பட யாரும் புகைப்பதாகச் சொல்லவில்லை. ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: புகைப்பழக்கம் எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும். விட்டுவிட்டு அறுவைக்குப் போங்கள்.

காத்திருப்பதற்கு ஒரு நிபந்தனை. வலி இரவில் தூக்கத்தைக் கெடுத்தாலோ, பெருவிரலைத் தவிர்க்கப் பாதத்தின் வெளிப்புறம் ஊன்றி நடந்து முழங்காலும் இடுப்பும் வலிக்கத் தொடங்கினாலோ, என் கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டு மருத்துவர் சொல்லும் தேதியில் செய்யுங்கள். அப்போது டெபாசிட்டைத் தொடலாம், அதற்காகத்தான் அது இருக்கிறது. அப்படி இல்லையென்றால், சீசன் வரை தாக்குப்பிடிக்கக் கெட்டி அடிச் செருப்போ ஊசியோ உதவுமா என்று அடுத்த முறை போகும்போது கேளுங்கள். அப்புறம், காலில் எடை போட எப்போது அனுமதிப்பார் என்றும் கேளுங்கள். சிலர் முதல் நாளே குதிகாலை ஊன்ற விடுவார்கள், சிலர் பல வாரம் விடமாட்டார்கள். அந்தப் பதிலைப் பொறுத்து, நான் பூஜ்யம் என்று போட்ட முதல் இரண்டு மாதக் கணக்கு கொஞ்சம் மாறும்.