சித்திக்கு ரொட்டி சுட்ட ராத்திரி

அன்புள்ள டீச்சருக்கு,

மலையகத்தில் கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவன் நான். இப்போது கொழும்பில் வேலை. அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு சிறிய நினைவுப் புத்தகம் செய்ய ஆசைப்பட்டு, பெரிய சம்பவங்கள் நடந்த நாட்களில் வீட்டில் யார் எங்கே இருந்தார்கள், என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று எல்லாரிடமும் கேட்டு எழுதி வருகிறேன். 1996 உலகக் கிண்ணம், 2004 சுனாமி, 2020 ஊரடங்கு, 2022 தட்டுப்பாட்டு வரிசைகள். அண்ணனும் அக்காவும் அழகாகச் சொன்னார்கள். அம்மாவிடம்தான் ஒன்றும் வரவில்லை. உலகக் கிண்ணம் என்றால் "அதெல்லாம் யாருக்குத் தெரியும்" என்கிறார். சுனாமி அன்று என்ன செய்தீர்கள் என்றால், "அன்னைக்கு உங்க மாமா வரேன்னாரு, வரல. சுட்டு வச்ச முறுக்கெல்லாம் எறும்பு மொச்சிருச்சு" என்கிறார். போன ஏப்ரல் லீவுக்கு வேன் பிடித்து நுவரெலியா கூட்டிப்போனோம். கிரகரி வாவி, விக்டோரியா பூங்கா, ஹக்கல என்று எல்லாம் காட்டினோம். அவர் வேனில் இருந்தபடி மரக்கறித் தோட்டங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

நம் மக்களுக்கு வரலாற்று உணர்வு குறைவு என்று சொல்கிறார்களே, அது சரிதானா? அம்மாவின் நினைவுகளை எப்படி வெளியே எடுப்பது? எழுதும்போது தோட்டத்துப் பேச்சிலேயே எழுதலாமா?

க., கொழும்பு

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை முந்தாநாள் படித்தேன். அதற்கு முதல் நாள்தான் எங்கள் வீட்டு அம்மியைக் கழுவி வெயிலில் சாய்த்து வைத்திருந்தேன். அந்த அம்மியைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருடமாக மனதில் கிடக்கிறது. நீங்கள் அதைக் கிளறிவிட்டீர்கள். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா பேசுகிறபடியே எழுதுங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. உலகக் கிண்ணத்தை விட்டுவிடுங்கள். 1996 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. லாகூரில் அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டம் எடுத்துக்கொண்டிருந்தபோது, டிவி இருந்த ஒன்றிரண்டு வீட்டில் ஆண்களும் பிள்ளைகளும் குவிந்து கிடந்தார்கள். பெண்கள் மறுநாள் காலை பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போகுமுன் முடிக்க வேண்டிய வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். உங்கள் அம்மாவும் அவர்களில் ஒருவராக இருந்திருப்பார். நுவரெலியா விஷயத்திலும் அவரைக் குறை சொல்லாதீர்கள். கரட்டும் லீக்ஸும் நட்ட பாத்திகளைப் பார்க்க அவருக்குப் பிடித்திருக்கிறது, பார்த்திருக்கிறார். பயணம் அவருக்காகத்தானே?

ஆனால் "வரலாற்று உணர்வு குறைவு" என்று எழுதினீர்கள் பாருங்கள், அதை அப்படியே விட என்னால் முடியாது. படிக்கும்போதே கோபம் வந்தது. பெற்ற தாயைப் பற்றி எழுதும் கடிதத்தில், மேடையில் யாரோ பேசிவிட்டுப் போன வார்த்தையைக் கொண்டுவந்து வைக்கிறீர்கள். ஒரு தேதியைக் கையில் எடுத்துக்கொண்டு போய், அன்று நீ எங்கே நின்றாய் என்று அம்மாவைக் கேட்கிறீர்கள். இது பொலிஸ்காரன் கேட்கிற கேள்வி. தோட்டத்தில் பிறந்த பெண்ணுக்குத் தேதி கேட்கிறவர்களிடம் என்றைக்குமே பயம்தான். பிறந்த தேதி, பதிந்த தேதி, கப்பலில் வந்த தேதி என்று கேட்டுக் கேட்டுத்தான் 1948இல் நம்மவர்களின் குடியுரிமையைப் பறித்தார்கள்.

இவ்வளவு கோபம் எதற்கு என்று நினைப்பீர்கள். அதே தவறை நானும் செய்திருக்கிறேன் தம்பி. அச்சிலும் போட்டேன்.

நாங்கள் மஸ்கெலியாப் பக்கம். 1974 டிசம்பர் 4, புதன்கிழமை இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு வந்த விமானம், கட்டுநாயக்காவில் இறங்க வேண்டியது, ஏழுகன்னி மலையில் மோதியது. யாத்திரிகர்கள் 182 பேர், பணியாளர்கள் 9 பேர், ஒருவரும் தப்பவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. 2004 டிசம்பரில் முப்பது வருடம் நிறைந்தபோது ஒரு சிறு பத்திரிகைக்கு அதைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். அம்மாவிடம் கேட்டேன், "அந்த விமானம் விழுந்த அன்னைக்கு நம்ம வீட்ல என்ன நடந்துச்சு?" என்று. "எனக்கு அதெல்லாம் தெரியாது புள்ள" என்றார். நானும் சரி என்று, மலையடிவாரத்தில் இருந்தவர்களுக்கே அது நினைவில் இல்லை என்று வருத்தத்தோடு ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டேன். வந்தது.

அந்த மாதக் கடைசியில் சுனாமி. எங்கள் தோட்டத்துக் கோயிலில் சாப்பாட்டுப் பொட்டலம் சேர்த்தார்கள். அம்மா அடுப்படியில் இருந்து ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தார். நான் தேங்காய் துருவிக் கொடுத்தேன். யாரும் எதுவும் கேட்காமலே சொல்லத் தொடங்கினார்: "சித்திக்கு ரொட்டி சுட்ட ராவும் இப்படித்தான் மா பத்தல. பெசஞ்சிக்கிட்டு இருக்கேன், மலையே சரிஞ்ச மாதிரி ஒரு சத்தம். குப்பி வெளக்கு ஆடிப்போச்சு. 'அக்கா, நாங்க போறது மலைக்கே புடிக்கல போல'ன்னு சித்தி சொன்னா."

திருவலை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். விமானம் விழுந்த இரவு என்று கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. அவரிடம் அது சித்திக்கு ரொட்டி சுட்ட இரவாக இருந்திருக்கிறது. ஒரு நொடிகூட மறக்காமல் வைத்திருக்கிறார். நான்தான் தப்பான கதவைத் தட்டியிருக்கிறேன்.

ரொட்டி எதற்கு என்றால், மறுநாள் சித்தி குடும்பம் இந்தியாவுக்குப் போகக் கோச்சி (ரயில்) ஏறுகிறது. தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம். 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். இந்தியாவிலிருந்து வந்த வம்சத்தவர்களான நாம், குடியுரிமை இல்லாமல் மொத்தம் 975,000 பேர் என்று கணக்கு. 525,000 பேரை இந்தியா எடுக்கும், 300,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம். 1974 ஜனவரியில் அந்த மிச்சத்தையும் சிறிமாவோவும் இந்திராவும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். இந்தக் கணக்கெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், எங்களுக்கும் சித்தி குடும்பத்துக்கும் அடுத்தடுத்த காம்பரா. சித்தப்பா இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தார், அப்பா இங்கேயே இருக்க எழுதிக்கொடுத்தார். அம்மாவுக்குத் தெரிந்த ஒப்பந்தம் அவ்வளவுதான், காலையில் பக்கத்துக் காம்பராவில் புகை வரவில்லை என்பதுதான்.

அது பஞ்ச காலம் வேறு. கூப்பன் அரிசி குறைந்து, மரவள்ளிக் கிழங்கில் வயிறு கழுவிய வருடம். வழிக்கு நாலு ரொட்டி சுட அம்மா இரண்டு கிழமையாக மாச் சேர்த்திருக்கிறார். (2022இல் எரிவாயு வரிசையைப் பற்றி உங்கள் அம்மாவிடம் கேட்டால் அந்தப் பஞ்ச காலத்துப் பாண் வரிசையைப் பற்றித்தான் சொல்வார். குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள்.)

இப்போது என் பங்கு. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஹட்டனுக்குப் போன அந்த நாள்தான் என் வாழ்க்கையில் முதல் பயணம். தீபாவளிக்கு எடுத்த கவுன் போட்டிருந்தேன். வழி நெடுக ஜீப்புகள், பொலிஸ், மலைப் பக்கம் போகிற ஆட்கள். பஸ் நின்று நின்று போனது. எனக்கு அது திருவிழாக் கூட்டம் போல இருந்தது. ஸ்டேஷனில் சித்தப்பா எனக்கு ஒரு பணிசும் சோடாவும் வாங்கிக் கொடுத்தார். கிழங்கு தின்று அலுத்துப்போன வாய். அந்தப் பணிசின் ருசியில் நான் சுற்றிலும் பார்க்கவில்லை. பிளாட்பாரம் முழுக்க அழுகை. அழுகைக் கோச்சி என்று அதற்குப் பெயரே இருந்தது. பெண்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள், ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார்கள். தகரப் பெட்டிகளில் வெள்ளைப் பெயின்டில் பெயரும் ஊரும். சித்தி மகளுக்கும் என் வயதுதான், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கோச்சி நகர்ந்ததும் நான் கதறினேன். அம்மா என்னை வாரி அணைத்து, "புள்ளைக்குக்கூடத் தாங்கல பாருங்க" என்று சொல்லி அழுதார்.

நான் பிரிவுக்காக அழவில்லை தம்பி. அவளைக் கோச்சியில் ஏற்றிவிட்டு என்னை ஏற்றாமல் விட்டுவிட்டார்களே என்று அழுதேன். அம்மா சாகும்வரை இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெரியப்பா அன்று ஸ்டேஷனுக்கு வரவில்லை. விடியற்காலையிலேயே மலைக்குப் போன ஆம்பளைகளோடு அவரும் போய்விட்டார். அங்கே என்ன பார்த்தார் என்று அவர் சொன்னதேயில்லை. இரண்டு நாள் சோறு தொடவில்லை என்று பெரியம்மா சொல்வார். வழியனுப்பக்கூட வரவில்லையே என்று சித்திக்குக் கடைசிவரை அவர்மேல் மனத்தாங்கல். அவர்கள் மண்டபம் முகாமில் கிடந்து, அப்புறம் கோத்தகிரிப் பக்கம் தேயிலைக்கே போனார்கள். கடுதாசி வரும். ஒவ்வொரு கடுதாசியிலும் கடைசி வரி, "அம்மி இருக்கா?"

அம்மியைத் தூக்கிக்கொண்டு கப்பலேற முடியாது என்று கல்லை எங்களிடம் விட்டுவிட்டு, குழவியை மட்டும் சேலையில் சுற்றி எடுத்துப்போனார் சித்தி. குழவி கோத்தகிரியில், கல் மஸ்கெலியாவில். அந்தக் கல்லில் எங்கள் குழவி சரியாகப் படியவே இல்லை. அம்மா முப்பது வருடத்துக்கு மேல் அதில்தான் அரைத்தார். மாற்றுவோம் என்று நான் சொல்லும்போதெல்லாம் "அது சித்தியோடது" என்பார். ஒப்பந்தத்தைப் பற்றி எத்தனையோ கட்டுரை படித்திருக்கிறேன், நானும் பேசியிருக்கிறேன். இந்தக் கல்லைக் கழுவும்போது தெரிகிற மாதிரி எதிலும் தெரிந்ததில்லை.

இனி உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். அடுப்படியில் போய் உட்காருங்கள், வெங்காயம் உரியுங்கள், கை வேலையாக இருக்கட்டும். தேதியை நீங்கள் பிறகு பார்த்துப் போட்டுக்கொள்ளலாம், அதற்குத்தான் படித்திருக்கிறீர்கள்.

அம்மா உங்களுக்கு ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார். அதை எழுதி அனுப்பியும் உங்களுக்கு விளங்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா (பௌர்ணமி விடுமுறை) நாளும்கூட. கடைகளில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கு வீட்டுக்கு வர லீவு கிடைக்கிற நாள். கொழும்பிலிருந்து மாத்தறை வரை நம் பிள்ளைகள் வேலைக்கு நிற்காத கடைத்தெரு ஏது? அன்று காலை ஒன்பது மணிக்கு மேல் அந்தக் கரையோரம் என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும். தெற்குக் கரையோரப் பெரலியவில் அலை அடித்த கோச்சியோடு போனவர்கள் மட்டும் 1,000 பேருக்கு மேல். உங்கள் அம்மா முறுக்குச் சுட்டு வைத்துக்கொண்டு தம்பியை எதிர்பார்த்திருக்கிறார். அவர் வரவில்லை. எறும்பு மொய்க்கும்வரை அந்த முறுக்கை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்திருக்கிறார். பிள்ளைகள் நிறைந்த வீட்டில் முறுக்கு எறும்பு மொய்க்கும்வரை கிடக்குமா தம்பி? எத்தனை நாள் தொடவிடாமல் வைத்திருந்தார்? நீங்களும் அந்த வீட்டுப் பிள்ளைதானே, உங்களுக்குக் கிடைத்ததா?

அந்த மாமா எந்த ஊர்க் கடையில் நின்றார் என்று நீங்கள் எழுதவில்லை. பிறகு வந்தாரா என்றும் எழுதவில்லை. இந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போங்கள். முறுக்கைப் பற்றி மட்டும் கேளுங்கள். மாமா என்றைக்கு வந்து சேர்ந்தார், யாரோடு வந்தார், வந்தபோது காலில் செருப்பு இருந்ததா என்று கேட்டு எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
டீச்சர்