தள முகவரி உங்கள் பெயரில் இருக்கட்டும்: சிறுதொழில் கேள்வி – பதில்

கேள்வி: நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து மரபு நெல் அரிசி, அவல், புட்டு மாவு ஆகியவற்றைப் பொட்டலமிட்டு விற்கத் தொடங்கியிருக்கிறோம். நெல் திருவிழாவில் எங்களிடம் அரிசி வாங்கிச் சென்ற வெளியூர்க்காரர்கள், மறுபடி வாங்க இணையதளம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். தளம் அமைக்க ஒருவர் முப்பதாயிரம் ரூபாய் கேட்கிறார். இன்னொருவர் நாலாயிரத்துக்கே முடித்துத் தருவதாகச் சொல்கிறார். உறவினர் ஒருவரோ வாட்ஸ்அப் இருக்கும்போது தளம் எதற்கு என்கிறார். எங்களால் ஐயாயிரத்துக்கு மேல் செலவிட இயலாது. என்ன செய்வது?
— வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: ஐயாயிரம் ரூபாய் உங்களுக்குத் தாராளமாகப் போதும், முதல் ஆண்டில் அதில் பாதிகூடச் செலவாகாமல் போகலாம். அந்தப் பணம் எதற்குப் போக வேண்டும் என்பதில்தான் கவனம் தேவை.

மக்கள் தட்டச்சு செய்து வரும் முகவரியை டொமைன் என்கிறோம். பக்கங்கள் சேமித்து வைக்கப்படும் இடத்தை ஹோஸ்டிங் என்கிறோம். இவ்விரண்டும் போக, நீங்கள் எழுதும் செய்தியும் எடுக்கும் படங்களும் இருக்கின்றன. இடத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பக்கங்களின் தோற்றத்தை ஆண்டுதோறும் மாற்றினாலும் யாரும் குறை சொல்லப் போவதில்லை. முகவரி மாறினால் மட்டும், பொட்டலத்தில் அச்சிட்டதும் வாடிக்கையாளர் குறித்து வைத்ததும் வீணாகிவிடும். ஆகவே வேறு யாரிடம் எந்த வேலையைக் கொடுத்தாலும், டொமைனை உங்கள் மூவரில் ஒருவருடைய பெயரில், அவருடைய மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் கொடுத்து, நீங்களே பணம் கட்டி வாங்குங்கள். டாட் இன் அல்லது டாட் காம் முகவரி ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய், சற்று முன்பின் ஆகும். முதல் ஆண்டுக்கு இருநூறு ரூபாய் என்று விளம்பரம் செய்பவர்கள் இரண்டாம் ஆண்டில் பல மடங்கு வாங்குவது வழக்கம் என்பதால், பணம் கட்டுமுன் புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு என்பதைப் பாருங்கள். நாலாயிரத்துக்கு முடித்துத் தருவதாகச் சொன்னவரிடமும் முகவரி யார் பெயரில் வாங்கப்படும் என்று முதலில் கேளுங்கள். தம் பெயரில் என்று அவர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது, தொலைபேசியில் ஒருமுறை சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் பிழையின்றி எழுதிக்கொள்ளக் கூடியதா என்று சோதித்துப் பாருங்கள். ழகரம் வரும் பெயர்கள் அழகானவை. ஆனால் ஆங்கில எழுத்தில் அதை ஒருவர் இசட் எச் என்றும் இன்னொருவர் எல் என்றும் தட்டுவார்கள்.

பக்கங்களை வைக்கும் இடத்துக்கு இப்போதைக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. கூகுள் சைட்ஸ் இலவசம்; அதில் எழுத்து, படம், வரைபடம் ஆகியவற்றைச் சேர்க்கவும் உங்கள் சொந்த டொமைனை அதனோடு இணைக்கவும் முடியும். கைப்பேசியைவிடக் கணினியில் செய்வது எளிது. கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால் ஓரிரு நாளில் முடித்துவிடலாம். வேர்ட்பிரஸ் கற்றவர்கள் அதையே நாடுவார்கள். தளம் அமைப்பதற்காக 2003 முதல் இலவசமாகக் கிடைக்கும் நல்ல மென்பொருள்தான் அது. ஆனால் அதற்குக் கட்டண ஹோஸ்டிங் வேண்டும். அவ்வப்போது புதிய பதிப்புக்கு மாற்றிக்கொண்டே இருக்கவும் வேண்டும். கவனிக்க ஆளில்லாத வேர்ட்பிரஸ் தளத்தில் விஷமிகள் புகுந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஐம்பது பொருள்கள் விற்கும் நிலை வந்த பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம். தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே செல்லும் தகவலைப் பிறர் படிக்காமல் காக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் என்று தனியாக யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு 2015 முதல் அதை இலவசமாக வழங்குகிறது, கூகுள் சைட்ஸிலும் அது தானாகவே அமைந்துவிடும்.

வாட்ஸ்அப் போதும் என்று சொன்ன உறவினர் முற்றிலும் தவறாகச் சொல்லவில்லை. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருள் பட்டியல் வைக்கும் வசதி உண்டு. உங்கள் ஆர்டர்களில் பெரும்பகுதி அதன் வழியாகத்தான் வரும். அதனால் தளத்தின் ஒவ்வொரு பக்கத்திலும், தொட்டவுடன் உங்கள் வாட்ஸ்அப் திறக்கும் இணைப்பை வையுங்கள். ஆனால் அடுத்தவர் மேடையில் மட்டும் கடை வைப்பவருக்கு அந்த மேடையின் முடிவுகளில் எந்தப் பேச்சும் இல்லை. சிறு வணிகர்களுக்குத் தன் பிசினஸ் புரொஃபைல் வழியாக இலவசத் தளங்களை அமைத்துத் தந்த கூகுள், 2024 மார்ச் மாதத்தில் அந்தத் தளங்களை மூடிவிட்டது. சொந்த முகவரி வைத்திருந்தவர்கள் வேறு இடத்தில் பக்கங்களை ஏற்றி அதே முகவரியில் தொடர முடிந்தது. இலவச முகவரியை மட்டும் அச்சிட்டு வைத்திருந்தவர்களுக்கு அந்த வழி இல்லை. கூகுள் சைட்ஸுக்கும் ஒருநாள் அப்படி நேரலாம் என்பதால்தான் டொமைனை மட்டும் காசு கொடுத்து வாங்கச் சொல்கிறேன். கூகுள் வரைபடத்தில் உங்கள் கடையைக் காட்டும் பிசினஸ் புரொஃபைல் இன்றும் இலவசமாகவே இருக்கிறது; அதையும் பதிவு செய்து, அதில் உங்கள் தள முகவரியைச் சேர்த்துவிடுங்கள்.

இனி எழுத வேண்டியதைப் பற்றிச் சொல்கிறேன். முப்பதாயிரம் கேட்டவரால்கூடச் செய்து தர முடியாத வேலை இது. சென்னையிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு கருப்புக் கவுனியை முதல் முறையாக வாங்கும் ஒருவருக்கு, அதை முந்தின இரவே ஊறவைக்க வேண்டும் என்பது தெரியாது. சாதாரணப் பொன்னியைப் போல உலையில் போட்டுவிட்டு, வேகவில்லை என்று உங்கள் மேல் வருத்தப்படுவார். மாப்பிள்ளைச் சம்பா கஞ்சிக்கும் இட்லிக்கும் எப்படி அமையும், தூயமல்லி அன்றாடச் சோற்றுக்கு ஏன் ஏற்றது, சீரகச் சம்பாவில் பிரியாணி செய்யும்போது தண்ணீர் அளவு என்ன என்பதையெல்லாம் நீங்கள் சமைத்துப் பார்த்த அளவுகளோடு எழுதுங்கள். பச்சரிசியா புழுங்கலா, எந்தப் போகத்து நெல், அறுவடை ஆகி எவ்வளவு காலம் ஆயிற்று, தவிடு எந்த அளவு நீக்கப்பட்டது என்ற விவரங்களும் வேண்டும். புது அரிசி குழையும், பழைய அரிசி உதிரியாக நிற்கும் என்பது டெல்டா வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. வாங்குகிறவருக்கு அது புதிது. இத்தகைய பக்கங்களைத்தான் தேடுபவர்கள் கூகுளில் தேடிக் கண்டடைகிறார்கள்.

எழுதக் கூடாதது ஒன்று உண்டு. இந்த அரிசி சர்க்கரை நோயைக் குணப்படுத்தும், அந்த அரிசி மூட்டுவலியைப் போக்கும் என்று ஒருபோதும் எழுதாதீர்கள். உணவுப் பொருளை நோய் தீர்க்கும் மருந்தாக விளம்பரம் செய்வதை உணவுப் பாதுகாப்புச் சட்டமும் அதன் கீழ் வந்த 2018ஆம் ஆண்டு விளம்பர விதிகளும் தடுக்கின்றன. சட்டம் ஒருபுறம் இருக்க, அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

படங்களைப் பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் துணியின் மேல் அரிசியைப் பரப்பி எடுத்தால் போதும். இன்றைய கைப்பேசிகளில் ஒரு படமே மூன்று, நான்கு எம்பி அளவுக்கு வருகிறது. அதை அப்படியே ஏற்றினால் சிக்னல் குறைந்த இடத்தில் இருப்பவருக்குப் பக்கம் திறக்கவே திறக்காது. ஒரு படம் 200 கேபிக்குள் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் சாதாரண முறையில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டு, அப்படி வந்த படத்தை எடுத்துப் பயன்படுத்தினாலே அளவு வெகுவாகக் குறைந்துவிடும்.

தளத்தில் விற்கும் பொட்டலப் பொருளுக்குத் தயாரிப்பாளரின் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச விலை ஆகியவற்றைத் திரையிலும் காட்ட வேண்டும் என்பது 2018 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள விதி. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ வழங்கிய 14 இலக்க எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். ஜிஎஸ்டி பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். பெயர் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிப் பொட்டலங்களுக்கு 2022 ஜூலை முதல் வரி உண்டு. வரிக்குரிய பொருளை வெளிமாநிலத்துக்கு விற்பதானால், விற்றுமுதல் சிறியதாக இருந்தாலும் பதிவு செய்துகொள்ள வேண்டும். பெங்களூருக்கு முதல் பொட்டலத்தை அனுப்புமுன் உள்ளூர் ஆடிட்டர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள். ஐயாயிரத்தில் மிஞ்சும் பணத்தை அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: குத்துவிளக்குப் பட்டறை வைத்திருக்கிறோம். தளம் அமைத்துக் கொடுத்தவர் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. விலையை மாற்றக்கூட முடியவில்லை. டொமைனும் அவர் கணக்கில்தான் இருக்கிறது. அதே முகவரியை மீட்க வழி உண்டா?
— வாசகர், நாச்சியார்கோவில்

பதில்: உண்டு, ஆனால் பெரும்பாலும் அவருடைய ஒத்துழைப்பு தேவைப்படும். முதலில், டொமைன்களின் பதிவு விவரங்களைக் காட்டும் ஹூஈஸ் என்னும் தேடலில் உங்கள் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். உரிமையாளரின் பெயர் மறைக்கப்பட்டிருந்தாலும், எந்த நிறுவனத்தில் பதிவு செய்யப்பட்டது, எந்த நாளில் காலாவதி ஆகிறது என்ற இரண்டும் தெரியவரும். பிறகு அவரை நேரில் சென்று பார்த்து, சண்டையாக்காமல், அதே நிறுவனத்தில் நீங்கள் தொடங்கும் புதிய கணக்குக்கு முகவரியை மாற்றித் தருமாறு கேளுங்கள். அவருக்குச் சில நிமிட வேலைதான். வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதானால், டொமைனின் பூட்டைத் திறந்து மாற்றக் குறியீட்டை அவர் எடுத்துத் தர வேண்டும். பாக்கி ஏதேனும் இருந்தால் அதைக் கொடுத்து, மாற்றித் தந்ததை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அவர் மறுத்தால், டாட் இன் முகவரிகளுக்கென்று தனித் தகராறு தீர்ப்பு முறை ஒன்று இருக்கிறது. அதற்குக் கட்டணமும் காலமும் ஆகும். வணிகப் பெயரின் மீது உங்களுக்கு முன்னுரிமை இருப்பதையும் காட்ட வேண்டும். உங்கள் அளவிலான பட்டறைக்குப் புதிய முகவரி வாங்குவதே குறைந்த செலவு என்பது என் கருத்து. பழைய தளம் இயங்கும்போதே அதிலுள்ள படங்களையும் எழுத்தையும் சேமித்துக்கொள்ளுங்கள். புதிய பக்கத்தில் ஒவ்வொரு விளக்குக்கும் உயரம், எடை, உச்சியில் அன்னமா வேறு வடிவமா, பாகங்களைக் கழற்றித் துலக்க முடியுமா என்பதை எழுதினால், விலை கேட்கும் அழைப்புகளில் பாதி குறையும். பித்தளை விலை ஏறி இறங்குவதால், விலைக்கு அருகில் அது எந்த நாளின் விலை என்பதையும் குறிப்பிடுங்கள். நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு உண்டு; அதன் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொண்ட பிறகு அதை முகப்பிலேயே சொல்லுங்கள்.

கேள்வி: அச்சகத்தில் தட்டச்சு செய்த தமிழ் விவரங்களைத் தளத்தில் ஏற்றினோம். சில கைப்பேசிகளில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது. கூகுளிலும் எங்கள் கடை வருவதில்லை.
— வாசகர், கும்பகோணம்

பதில்: டிடிபி கடைகளில் இன்றும் புழங்கும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அது தட்டச்சு செய்யப்பட்டிருக்க வேண்டும். அவை ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களின் மேல் தமிழ் வடிவங்களைப் பொருத்தியவை. அந்த எழுத்துரு இல்லாத கருவியில் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்துகள் வெளிப்பட்டுவிடும், தேடுபொறிக்கும் அவைதான் தெரியும். முழுவதையும், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றுங்கள். இதற்கான இலவச மாற்றிகள் இணையத்தில் கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒற்றெழுத்துகளையும் கொம்புகளையும் ஒருமுறை படித்துச் சரிபார்க்க வேண்டும். விவரங்களைப் படமாக ஏற்றிவிட்டால் தீர்ந்தது என்று சிலர் சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள், படத்திலிருக்கும் எழுத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

கேள்வி: டாட் இந்தியா என்று முழுக்கத் தமிழிலேயே முகவரி கிடைக்குமா?
— வாசகி, பாபநாசம்

பதில்: கிடைக்கும், தமிழ் எழுத்தில் பெயரும் அதன் முடிவில் இந்தியா என்றும் வரும் முகவரிகளைப் பதிவு செய்யலாம். எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி உண்டு. ஆனாலும் எல்லா மின்னஞ்சல் சேவைகளும் படிவங்களும் அதை இன்னும் ஏற்பதில்லை என்பதால், ஆங்கில எழுத்து முகவரியை முதன்மையாக வைத்துக்கொண்டு, தமிழ் முகவரி அதே தளத்துக்கு வந்து சேருமாறு அமையுங்கள்.

கேள்வி: தளத்தில் பணம் பெறுவதற்குப் பேமெண்ட் கேட்வே கட்டாயமா?
— வாசகர், மயிலாடுதுறை

பதில்: நாளுக்குச் சில ஆர்டர்கள் வரும் வரை தேவையில்லை. தளத்திலேயே கார்டு, யுபிஐ வழியாகப் பணம் வாங்கித் தரும் கேட்வே நிறுவனங்கள் ஒவ்வொரு விற்பனைக்கும் ஏறத்தாழ இரண்டு விழுக்காடு எடுத்துக்கொள்கின்றன. வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகச் செல்லும் யுபிஐ பணத்துக்கு வணிகரிடம் வங்கி கமிஷன் வாங்கக் கூடாது என்பது 2020 ஜனவரி முதல் உள்ள ஏற்பாடு. ஆகவே ஆர்டரை வாட்ஸ்அப்பில் பெற்று, கடையின் பெயரில் வாங்கிய கியூஆர் கோடை அனுப்பிப் பணம் பெறுங்கள். வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பிச் சரக்கை அனுப்பிவிடாதீர்கள். அதைப் போலியாகச் செய்யும் செயலிகள் புழங்குகின்றன. உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து, தொகை கணக்கில் ஏறியிருப்பதைப் பார்த்த பிறகே பொட்டலத்தில் முகவரியை எழுதுங்கள்.