நாட்டின் பொருளாதாரம் வளர சாலை, ரயில், மின்சாரம் இவற்றில் எதற்கு முதலில் பணம் போட வேண்டும்?

என் ஓட்டு மின் பாதைக்கு. புது மின் நிலையம் திறந்தால் விழா நடக்கும், படம் வரும். அந்த மின்சாரத்தைச் சுமந்து வரும் கம்பியையும் டவரையும் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் தொழில் நொடிப்பது அங்கேதான்.

2012ல் கோவைப் பக்கம் தொழிலில் இருந்தவர்களுக்கு இது தெரியும். பல நாள் பாதி நாளுக்கு மேல் கரண்ட் இருக்காது. நான் அப்போது ஒரு ஃபவுண்டரியில் (இரும்பை உருக்கி வார்க்கும் ஆலை) இருந்தேன். இண்டக்‌ஷன் ஃபர்னஸில், அதாவது மின்சாரத்தில் ஓடும் உலையில், இரும்பு உருகி நிற்கும்போது கரண்ட் போனால், கையோடு ஊற்றிவிட வேண்டும். மீந்தது உள்ளேயே இறுகிவிட்டால் உலையின் உள்பூச்சான லைனிங்கோடு உடைத்துத்தான் எடுக்கணும். உலையைச் சூடாக்கும் கம்பிச் சுருளான காயிலைக் குளிர்விக்கப் போகும் தண்ணீர் நின்றால் காயிலும் போச்சு. அதனால் பம்புக்கு மட்டும் தனி ஜெனரேட்டர் வைத்திருப்போம். ஃபர்னஸையே டீசலில் ஓட்டினால் கட்டுப்படியாகாது.

அதே சமயம் குஜராத்தில் விற்க மின்சாரம் இருந்தது; இங்கே கொண்டுவரப் பாதையில் இடமில்லை. முப்பந்தல், ஆரல்வாய்மொழியில் சீசனில் நல்ல காற்று அடிக்கும்போதே, கம்பி தாங்காது என்று காற்றாலைகளை நிறுத்தச் சொன்னார்கள். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வந்த பிறகுதான் தென்மாநில கிரிட் (மின் பாதைகளின் வலை) நாட்டின் மற்ற பகுதியோடு ஒன்றானது. அடுத்து சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு 6,000 மெகாவாட் கொண்டுவரும் 800 கிலோவோல்ட் நேர்மின் பாதை வந்தது. இங்கே காற்றாலை மின்சாரம் மிஞ்சினால் அதே கம்பியில் வடக்கேயும் அனுப்பலாம்.

ரயிலிலும் இதே கதைதான். லூதியானா–சோன்நகர், தாத்ரி–நவி மும்பை என்று வடக்கே சரக்குக்கே தனிப் பாதை போட்டிருக்கிறார்கள். தெற்கே அப்படி ஒன்றும் இல்லை. திருப்பூர் பனியன் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பெரும்பாலும் லாரியில்தான் போகிறது.

ஆனால் பாதை போடும் முறையில் எனக்குக் கோபம் உண்டு. டவர் நிற்கும் நிலத்தை அரசு வாங்குவதில்லை. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் தந்த அதிகாரத்தை வைத்து, ஒரு முறை இழப்பீடு கொடுத்துவிட்டுக் கம்பி இழுக்கிறார்கள். பட்டா விவசாயி பேரில்தான் இருக்கும். ஆனால் கம்பிக்கு அடியில் தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது, விற்கப் போனால் பாதி விலைக்குக் கேட்பார்கள். கொங்கு விவசாயிகள் தெருவில் இறங்கிப் போராடியதில் முழு நியாயம் இருக்கிறது. அந்தக் கம்பியில் மின்சாரம் போகிற காலமெல்லாம் அவர்களுக்கு வருஷ வாடகை கொடுக்க வேண்டும்.